திருப்பிச் சொன்னால்தான் பஸ் ஏறலாம்

ஒரகடம் ரோட்டில் வளர்ந்த நம் வயதுக்காரர்கள் யாரும் 'ஹேண்ட் ஓவர்' என்பதற்கு அர்த்தம் என்னவென்று அகராதியைப் புரட்டியிருக்க மாட்டோம். ஷிப்ட், ஓ.டி., லைன், சூப்பர்வைசர் மாதிரி அதுவும் டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்த சொல். கையில் இருக்கும் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது. அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அகராதி எழுதியவருக்குத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான். கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறேனோ? இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் பேசிக்கொள்கிறேன்.

என் மகளுக்குப் பத்து மாதம். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்புகிறேன். நம்மில் பாதிப் பேர் இதே நிலையில் இருக்கிறோம். "விட்டுட்டுப் போறது தப்பில்லையே?" என்று நம் அம்மாக்கள் குழுவில் யாராவது கேட்டால், "தப்பே இல்லை" என்று டைப் செய்கிறேன், அழிக்கிறேன், மறுபடியும் டைப் செய்கிறேன். அதற்குப் பதில் இதை எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மழைக்காலத்தில் தொடங்கி அரையாண்டு விடுமுறை வரைக்கும் நடந்த கதை.

அப்போது படப்பையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை. பகல் ஷிப்ட். அம்மா அந்த வருஷம்தான் செல்போன் கம்பெனியில் சேர்ந்தாள். அவளுக்குக் கிடைத்தது நைட் ஷிப்ட். மாலையில் அப்பா வீடு திரும்பிய பிறகு அம்மா கிளம்புவாள். அதில் சிக்கல் இல்லை. காலையில்தான் சிக்கல். அம்மாவைக் கொண்டுவந்து விடும் கம்பெனி பஸ்ஸும் அப்பாவை ஏற்றிக்கொள்ளும் கம்பெனி பஸ்ஸும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும். அதனால் அப்பா என்னைக் குளிக்க வைத்து, யூனிபார்ம் போட வைத்து, பையை மாட்டி, பஸ் ஸ்டாப்புக்கே அழைத்து வந்துவிடுவார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில், ஒரு டீ குடிக்கும் நேரத்தில், நான் கை மாறுவேன்.

அந்த ஸ்டாப் இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரத்தோடு போய்விட்டது. மரத்தடியில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். பாய்லருக்குப் பக்கத்தில் நின்றால் குளிர் தெரியாது என்று என்னை அங்கேதான் நிறுத்துவார்கள். ஏலக்காய் வாசனை, டீசல் வாசனை, பிறகு அம்மாவின் வாசனை. அம்மாவிடம் அந்த நாட்களில் ஏ.சி. வாசனை அடிக்கும். குளிர்ந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தால் வருமே, அது. அவள் கை என் கன்னத்தில் படும்போது சில்லென்று இருக்கும். தொப்பிக்குள் இரவெல்லாம் அழுந்திக் கிடந்த தலைமுடி காதோரம் வளைந்து நிற்கும். கழுத்தில் நீலநிற நாடாவில் அடையாள அட்டை. அந்த நாடாவை வெகுநாள் பத்திரமாக வைத்திருந்தேன். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

கை மாறுவதற்கு ஒரு முறை இருந்தது. அது அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த முறை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முந்தின ஷிப்ட் ஆள் அவசரமாகப் போய்விட்டாராம். மெஷினில், கை உள்ளே போனால் நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை என்று சொல்லாமலே. அப்பா ஓட்டினார். சட்டைக் கையின் பட்டன் மட்டும் போயிற்று, விரல் தப்பியது. அன்றிலிருந்து அவர்கள் லைனில் ஒரு சட்டம். போகிறவர் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: ஓடுவது எது, நின்றது எது, கண் வைக்க வேண்டியது எது. வருகிறவர் அதைக் கேட்டுத் தலையாட்டினால் போதாது. அத்தனையையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு "டேக் ஓவர்" என்று சொன்னால்தான் போகிறவர் மெஷினை விட்டு நகரலாம்.

ஆகவே தினமும் காலையில் பாய்லர் ஆவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்பா சொல்வார்:

"ஓடுறது: நைட்டு மூணு தோசை, காலைல பால். வூட்டுப்பாடம் முடிஞ்சுது. நின்னது: எடது கால் செருப்பு வாரு அறுந்துது, பின்னு போட்டுக்கீறேன். கண்ணு வைக்க வேண்டியது: வலது பக்கம் கீழ் கடவாப் பல்லு ஆடுது. அந்தப் பக்கம் முறுக்கு குடுக்காத."

தூக்கம் கெட்ட கண்களோடு அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்வாள். ஒன்று விட்டுப்போனாலும் அப்பா என் கையை விடமாட்டார்.

"செருப்ப உட்டுட்ட."

"எடது கால் செருப்பு, வாரு, பின்னு. போதுமா? டேக் ஓவர்!"

அப்போதுதான் அப்பாவின் பிடி தளரும். அவர் கை சூடாகவும் அம்மா கை குளிராகவும் இருக்கும். ஒரு நொடி இரண்டும் சேர்ந்து என் கையைப் பிடித்திருக்கும். அந்த நொடிக்காகவே நான் காலையில் அடம்பிடிக்காமல் எழுந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படியெல்லாம் யோசித்தேனா, தெரியவில்லை.

பள்ளியில் இங்கிலீஷ் மிஸ் ஒரு நாள் இந்த மாதிரி இரட்டைச் சொற்களைப் பாடமாக எடுத்தார். கிவ் அப், லுக் ஆஃப்டர், ஹேண்ட் ஓவர். ஹேண்ட் ஓவர் என்றால் ஒப்படைத்தல். எடுத்துக்காட்டாக, திருடனைப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னதும் நான் முந்திக்கொண்டு எழுந்தேன். தினமும் காலையில் என் அப்பா என்னை என் அம்மாவிடம் பஸ் ஸ்டாப்பில் ஹேண்ட் ஓவர் செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. கைதட்டல் வருமென்று பார்த்தேன். மிஸ் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காரும்மா" என்றார். அவர் குரலில் இருந்தது இரக்கம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வாக்கியம் நன்றாக இருந்ததால்தான் அவ்வளவு மென்மையாகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு நாள் பலமான மழை. அம்மாவின் பஸ் வரவில்லை. அப்பாவின் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா நகரவில்லை.

"இன்னாபா, ஏறு!" என்றார் டிரைவர்.

"ரெண்டு நிமிசம்ண்ணே. ஹேண்ட் ஓவர் ஆவல."

"டீக்கட அக்காகிட்ட உட்டுட்டு வாயேன்!"

"அவங்க தாராளமா பாத்துப்பாங்க. ஆனா திருப்பிச் சொல்லணுமே."

டீக்கடை அக்கா கரண்டியோடு வெளியே எட்டிப் பார்த்தார். "நானா? பாலப் பொங்க உட்டுட்டு உம் பொண்ணு பல்லு கணக்கு சொல்லிகினு இருக்கவா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பாப்பா, பல்லு உயுந்துச்சா இல்லியா?" என்று கேட்டார். அந்த பஸ்ஸில் எல்லோருக்கும் என் கடைவாய்ப் பல்லைத் தெரியும். இன்னும் விழவில்லை என்று தலையாட்டினேன். அதற்குள் அம்மாவின் பஸ் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நிற்க, அம்மா தலையில் தொப்பியோடே மழையில் ஓடிவந்தாள். மழைச் சத்தத்தில் காது கேட்காது என்று அப்பா கத்திச் சொன்னார். அம்மா கத்தித் திருப்பிச் சொன்னாள். "டேக் ஓவர்!" என்று அவள் கத்தியதும் பஸ்ஸே கைதட்டியது. வகுப்பில் வராத கைதட்டல் அங்கே வந்தது.

அதே நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ எங்களைக் கடந்து போயிற்று. அதில் இங்கிலீஷ் மிஸ் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்தது வேறு: மழையில் நனைந்து நிற்கும் குழந்தை, அதன் தலைக்கு மேல் கைநீட்டிக் கத்திக்கொள்ளும் தாயும் தகப்பனும், பொறுமையிழந்து ஹாரன் அடிக்கும் பஸ். அவர் மேல் தப்பில்லை. நானே அந்த ஆட்டோவில் இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன். இன்றைக்கு இருக்கும் மனநிலையில் இறங்கிப் போய்ச் சண்டையே போட்டிருப்பேன்.

மிஸ்ஸுக்கு வல்லக்கோட்டைப் பக்கம் வீடு. அப்பாவின் அக்காவும் அதே ஊர். கிருத்திகைக்குக் கோயிலில் இருவரும் பார்த்துக்கொண்டபோது மிஸ் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் அதிரசத் தூக்கு. இன்னொரு கையில் காலிப் பை. என் துணிகளை எடுத்துப் போக.

"இன்னாடா இது, புள்ளய ரோட்டுல வச்சி கை மாத்திகினு கீறீங்களாமே? டீச்சரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியுது. கேட்டதுல இருந்து சோறு எறங்கல."

"அப்டிலாம் இல்லக்கா..." என்றார் அப்பா.

"இன்னா இல்ல? ராத்திரில ஆத்தா இல்ல, பகல்ல அப்பன் இல்ல. இது இன்னா வூடா, சத்திரமா? எங்கூட அனுப்பு. அங்க பள்ளிக்கூடம் கீது, கோயில் கீது, நான் கீறேன். வயசுக்கு வரப்போற புள்ள. தல வாரி உடவாச்சும் ஆள் வேணாமா?"

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். "அண்ணி, நான்தான் காலைல வாரி உடறேன்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை. பதில் சொல்ல அவளிடம் ஆயிரம் இருந்தது. ஆனால் அத்தை கேட்டதையெல்லாம் அவள் ஏற்கெனவே தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள் போல. இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு, அம்மா ஏன் எனக்காகச் சண்டை போடவில்லை என்று கோபமாக வந்தது.

நான் பீரோ ஓரமாக நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வீடு மோசமில்லை. போனால் நன்றாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பையில் என் யூனிபார்மும் போய்விட்டால், சூடும் குளிருமான அந்த ஒரு நொடி இனி இல்லை என்று தெரிந்தது.

அப்பா தரையைப் பார்த்தார். அக்கா சொல்லைத் தட்டியவர் இல்லை அவர். கடைசியில், "சரிக்கா. கூட்டிகினு போ" என்றார்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா சும்மா அனுப்ப முடியாது. ஹேண்ட் ஓவர் பண்ணித்தான் அனுப்புவேன்."

"அது இன்னாடா அது?"

"நான் சொல்றத கேட்டு திருப்பிச் சொல்லணும். அவ்ளோதான்."

"ஊர்ல பாதி பேரு வயித்துப் புள்ளய நான்தான்டா வளத்தேன். சொல்லு, சொல்லு."

அப்பா ஸ்டாப்பில் நிற்பது போலவே நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"ஓடுறது: சாம்பார்ல கீற கத்திரிக்கா சாப்புடாது, பொரிச்சா சாப்புடும். பால்ல ஆடை இருந்தா வாந்தி. படுக்கறப்ப ஒரு காலு போர்வைக்கு வெளிய இருக்கணும், மூடுனா முழிச்சிக்கும். நின்னது: பத்து நாளா சைக்கிள் ஓட்டறது இல்ல. கேட்டா புடிக்கலன்னு சொல்லும். உயுந்துட்டு பயந்துகினு கீது, அதான் நெசம். கண்ணு வைக்க வேண்டியது: மேத்ஸ் டெஸ்ட்டுனா வவுத்து வலி வரும். மருந்து வேணாம், முதுகத் தடவுனா போதும். ஆனா தொப்புள் கிட்ட வலின்னு சொன்னா மட்டும் அது நெசமான வலி, ஆஸ்பத்திரிக்குப் போவணும். யாருனா திட்டுனா உடனே அழாது. சாயந்தரம் செருப்பு மாட்டறப்ப அழும்..."

சைக்கிள் விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா மூச்சு வாங்க நிறுத்தியபோது, அம்மா கதவை விட்டு முன்னால் வந்தாள். குரல் திரும்பியிருந்தது. "அண்ணி, இது ராத்திரி கணக்கு. பகல் கணக்க நான் சொல்றேன்" என்று தொடங்கினாள். தலை வாரும்போது இடது காதுக்கு மேல் ஏன் மெதுவாக வார வேண்டும் என்பதிலிருந்து, நான் பொய் சொன்னால் எந்தக் கால் விரல் மடங்கும் என்பது வரைக்கும். நான் கால் விரலை அவசரமாக நேராக்கிக்கொண்டேன்.

அத்தை அதிரசத் தூக்கைத் தரையில் வைத்தார்.

"இப்ப திருப்பிச் சொல்லுக்கா" என்றார் அப்பா.

"கத்திரிக்கா... சாம்பார்ல சாப்புடும்..."

"சாப்புடாது!" என்று நான் கத்திவிட்டேன்.

"கம்முனு இரு நீ! சரி, சாப்புடாது. அப்புறம் பல்லு வலின்னா முதுகத் தடவணும்..."

"பல்லு இன்னும் சொல்லவே இல்லியே அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை எங்களை மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பில் கண்ணீர் வந்தது. "அடப்பாவிங்களா! எம் புள்ள எந்த கிளாஸ் படிச்சான்னு கேட்டா உங்க மாமா இன்னிக்கும் மாத்தி மாத்தி சொல்லுவாரு. இவன் இன்னாடான்னா போர்வைல கால் கணக்கு வச்சிகினு கீறான்!" காலிப் பையை மடித்து இடுப்பில் செருகினார். "நான் டேக்கு கீக்கு ஒண்ணும் பண்ண மாட்டேன்பா. இது உங்க ரெண்டு பேரு மிசினு. நீங்களே ஓட்டுங்க."

அம்மா அத்தைக்குச் சோறு போட்டாள். அத்தை நன்றாகச் சாப்பிட்டார்.

அப்பா அன்று திட்டம் போட்டுத்தான் அப்படிச் செய்தாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அம்மா ஆமாம் என்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. "கூட்டிகினு போ" என்று அவர் மனசாரத்தான் சொன்னார். சொல்லச் சொல்லத்தான், தான் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. பாதியில் அவர் குரல் மாறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அத்தையைப் பற்றியும் நாங்கள் தப்பாகத்தான் நினைத்திருந்தோம். அதிகாரம் செய்ய வந்தார் என்று. நிலம் கம்பெனிக்குப் போய், ஒரே மகனும் வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில், மாமாவை விட்டால் அவருக்குப் பேச ஆளில்லை. அந்தப் பையில் அவர் கொண்டுபோக வந்தது கொஞ்சம் சத்தத்தை.

அரையாண்டு விடுமுறை விட்டதும் அத்தை மறுபடி வந்தார். இந்தத் தடவை நேராக பஸ் ஸ்டாப்புக்கே. "லீவு முடியற வரைக்கும் குடுங்க. நான் படிச்சிகினு வந்துட்டேன்" என்றார். அப்பாவின் பஸ் நின்றிருந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். டீக்கடை அக்கா நடுவராக நின்றுகொண்டார்.

அப்பா சொன்னார், அம்மா சொன்னாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, கந்தனுக்கு வேண்டிக்கொள்வது போலக் கைகூப்பி, கத்திரிக்காயில் ஆரம்பித்துக் கால் விரல் வரைக்கும் ஒப்பித்தார். ஒன்று விட்டுப்போகவில்லை. பல் விழுந்துவிட்டது, இனி அந்தப் பக்கமும் முறுக்கு தரலாம் என்பதைக்கூட அவரே சேர்த்துக்கொண்டார்.

"பாஸு!" என்றார் டீக்கடை அக்கா.

"டேக்கு ஓவரு!" என்று அத்தை கத்த, பஸ்ஸுக்குள் விசில் பறந்தது.

விடுமுறை முடிந்து அதே ஸ்டாப்பில் என்னைக் கொண்டுவந்து விட்டபோது, அப்பா பக்கத்தில் நிற்க, அம்மா கையை நீட்டினாள். அத்தை என் கையை விடவில்லை.

"இரும்மா. நான் ஹேண்டு ஓவர் பண்ண வேணாமா?" என்றார். "ஓடுறது: சைக்கிள் ஓட்டுது. எங்க தெருவுல ஓட்டிப் பழகிச்சி. நின்னது ஒண்ணும் இல்ல. கண்ணு வைக்க வேண்டியது: இது தூக்கத்துல சிரிக்குது. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அந்த நேரத்துல இவன் குளிச்சிகினு இருப்பான், நீ பஸ்ஸுல வந்துகினு இருப்ப. அதான் ரெண்டு பேருக்கும் தெரியல. ஞாயித்துக்கெழம முழிச்சிருந்து பாருங்க."

அம்மா அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். "தூக்கத்துல..." என்றதோடு நின்றாள். இரண்டாம் தடவைதான் முழுதாகச் சொல்ல வந்தது. சொல்லி முடித்த பிறகு அத்தை என் கையை விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்களாம். நான் சிரித்தேனாம்.

எந்த இங்கிலீஷ் புத்தகத்திலும் ஹேண்ட் ஓவர் என்ற பாடத்தில் கொடுக்கிறவர் மட்டும்தான் வருகிறார். வாங்குகிறவர் அதில் வாயே திறப்பதில்லை. எங்கள் ஸ்டாப்பில் அவர் திருப்பிச் சொல்லாமல் அந்தச் சொல் முடிந்ததே இல்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போகிறோம் என்று நாம் சொல்கிறோமே, தோழிகளே, அது வேறு சொல். நான் ஒரு நாளும் விடப்படவில்லை.

இன்று காலை ஒத்திகை பார்த்தோம். வாசலில் நான், என் கணவர், அவர் தோளில் மகள். ஓடுவது, நின்றது, கண் வைக்க வேண்டியது. விடியலில் அவள் சிரிப்பதை நான்தான் முதலில் பார்த்தேன், அதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், அதை மட்டும் விட்டுவிட்டு.

தெருமுனையில் என் கம்பெனி பஸ் வழக்கம்போல யாரையோ ஏற்ற வந்து ஹாரன் அடித்தது. திங்கட்கிழமை எனக்காக அடிக்கும். அடிக்கட்டும்.

"ஒண்ணு உட்டுட்டீங்க" என்றேன், அவள் கையை விடாமல்.